உதயகுமார் விட்டுக்கொடுத்த அரை மணி நேரம்

சரசாவின் வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் உண்டு. நடுவில் இருந்த மூன்றும் திருமழிசைத் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் ஒரு சின்னக் கம்பெனியின் பவர் பிரஸ்ஸில் போயின. அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. பெற்றவர்கள் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். அந்தக் கழனிகள் கம்பெனிகளான பிறகு மகள் கம்பெனி வேலைக்குப் போனாள். விரல் போன மறுமாதம் நடக்க இருந்த கல்யாணமும் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் சண்டை எதுவும் போடவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை வந்து ஆப்பிள் வைத்துவிட்டுப் போனார்கள், அதற்குப் பிறகு வரவில்லை.

தட்சிணாமூர்த்தி என்று ஒரு பழைய யூனியன்காரர், வேலையில் கை கால் இழந்தவர்களுக்காக இரண்டு அறையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார். அவர்தான் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். இருபது வருஷத்துக்கு மேல் சரசாவுக்கு அதுவே வேலை. அரசு ஆஸ்பத்திரி வார்டுக்கு பஸ் ஏறிப் போவாள். கட்டுப்போட்ட கையோடு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர்களின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். முந்தானைக்குள்ளிருந்து வலக்கையை எடுத்து நீட்டுவாள்.

"இத்த பாரு. நான் சோறு துன்னலியா, துணி தொவைக்கலியா? நீயும் பொயச்சிக்குவ. அழுவாத."

அவளுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். பலர் அதைப் பார்த்து அழுகையை நிறுத்தியிருக்கிறார்கள். அது போதும் என்று நினைத்திருந்தாள்.

2023 ஜூலையில், சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்களில் களத்தில் வேலை செய்கிறவர்களுக்கென்று பத்து மாதப் பயிற்சி ஒன்று ஆரம்பமானது. மாதம் இரண்டு நாள் காட்டுப்பாக்கத்தில், ஒரு மாடி ஹாலில். தட்சிணாமூர்த்தி அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்.

"எனுக்கு எதுக்கு சார் டிரெய்னிங்கு? எட்டாவது தாண்டல நானு. அங்க எல்லாரும் இங்கிலீஷ்ல பேசிகினு இருப்பாங்க."

"போய்ப் பாரும்மா. புடிக்கலன்னா வந்துடு."

முதல் நாள் ஹாலுக்குள் நுழைந்ததும் அவள் கண் கடைசி வரிசையைத் தேடியது. கடைசி வரிசை இல்லை. இருபத்து மூன்று நாற்காலிகளும் வட்டமாகப் போட்டிருந்தன. மேஜையும் இல்லை, மைக்கும் இல்லை. சுவேதா என்ற பயிற்சியாளருக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவளும் அதே வட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் இங்க பாடம் எடுக்கப் போறதில்ல. நீங்கதான் ஒருத்தருக்கொருத்தர் எடுத்துக்கப் போறீங்க" என்றாள் சுவேதா. "உங்க வேலைல தினம் நடக்கிற ஒண்ண நடிச்சுக் காட்டுங்க. மத்தவங்க பார்ப்பாங்க. அவ்வளவுதான்."

சரசாவின் முறை வந்தபோது, அடிபட்டவராக நடிக்க எழுந்து வந்தவர் உதயகுமார். ஆவடியில் ஒரு நிறுவனத்தில், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும் வேலை. வயது நாற்பத்தொன்று. திண்டுக்கல் பக்கத்துக்காரர். திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ரயிலில் வந்துபோகிறவர். ஒல்லியான ஆள், கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு, ஒரு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டார்.

சரசா வழக்கம்போல ஆரம்பித்தாள். கையை நீட்டினாள். "இத்த பாரு. நான் பொயைக்கல?"

படுத்திருந்தவர் அந்தக் கையைப் பார்த்தார். நடிப்பதுபோலவே தெரியவில்லை. "உங்க கையப் பார்த்து எனக்கு என்னக்கா ஆகப்போகுது?" என்றார் மெதுவாக. "என் கைய யாராச்சும் பாத்தாங்களா?"

சரசா நீட்டிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இருபது வருஷத்தில் எத்தனையோ கட்டில்களின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒருவர்கூட அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒருவேளை எல்லாரும் நினைத்திருப்பார்களோ என்னவோ.

சாப்பாட்டு நேரத்தில் உதயகுமார் தட்டோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அந்த இடத்துல படுத்ததும் அதுதான் வாயில வந்துச்சு."

"தப்புல்லாம் ஒண்ணும் இல்ல சார். கரீட்டாதான் கேட்டீங்க."

"சார் வேணாம்க்கா."

அன்றிலிருந்து அவர் அவளுக்கு 'தம்பி' ஆனார். சாயங்காலம் சுவேதா எல்லாரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது அவர்களிருவரும் ஜோடி சேர்ந்தார்கள்.

ஜோடிக்கு வேலை இதுதான்: வாரம் ஒரு நாள் போனில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். முதல் அரை மணி ஒருவர் தன் வேலையில் தடுக்கி விழுந்த இடத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர் அறிவுரை சொல்லக்கூடாது, ஆறுதலும் சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். அடுத்த அரை மணி மாறிக்கொள்ள வேண்டும். தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். சரசா இடக்கையால் எழுதுகிறவள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். ஆனாலும் எழுதினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி அவர்களுக்குத் தோதுப்பட்டது. முதல் இரண்டு மாதம் கணக்காக நடந்தது. அவர் ஒரு செங்கல்சூளைக் குடும்பத்தைப் பற்றிச் சொல்வார், இவள் கேள்வி கேட்கத் திணறுவாள். "இப்டி பண்ணு தம்பி" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்குவது அவளுக்கு மாத்திரை விழுங்குவதுபோல இருந்தது. இவள் நாகவல்லியைப் பற்றிச் சொல்வாள்.

நாகவல்லிக்கு முப்பத்தைந்து வயது. மணிக்கட்டோடு கை போய், நாலு மாதமாக வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தவள். சரசா மூன்று தடவை போய்த் தன் கையைக் காட்டிவிட்டு வந்திருந்தாள். நாலாவது தடவை கையைக் காட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, உதயகுமார் கேட்கிற மாதிரியே கேட்டுப்பார்த்தாள்.

"இந்த வாரம் ஒனுக்கு எது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு?"

நாகவல்லி அலமாரியில் கிடந்த சீப்பைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "பொண்ணுக்கு தல பின்னிவுட முடியல. பக்கத்து ஊட்டு அக்காகிட்ட அனுப்பறேன். அது சிரிச்சிகினே போவுது. அதான்."

வேறு யாரிடமும் அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை. சரசா வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, கை போனவளிடம் இத்தனை வருஷம் சோறு தின்பதைப் பற்றியும் துணி துவைப்பதைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டிருந்தோமே என்று இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து நாகவல்லி அவளுக்காக வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை, செப்டம்பர் கடைசியில், அவள் இதை உதயகுமாரிடம் சொல்லி முடித்தபோது அரை மணி ஆகியிருந்தது. "இப்ப நீ சொல்லு தம்பி" என்றாள்.

"எனக்கு இந்த வாரம் ஒண்ணும் இல்லக்கா. என் அரை மணியையும் நீங்களே எடுத்துக்கங்க." பிறகு கேட்டார். "உங்களுக்குக் கை போனப்ப எது கஷ்டமா இருந்துச்சு?"

அவள் சிரித்து மழுப்பப் பார்த்தாள். எதிர்முனையில் எங்கேயோ ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்டது. சரசா அந்த ஆப்பிளைப் பற்றிச் சொன்னாள். நாலு ஆப்பிள். யாரும் தின்னாமல் ஜன்னலோரம் சுருங்கிக் கிடந்தது, கடைசியில் வார்டு ஆயா எடுத்துப்போனது. அந்த மாப்பிள்ளையின் பெயரைக்கூட இருபத்து நான்கு வருஷமாக அவள் வாயால் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

அடுத்த வாரமும் உதயகுமாருக்கு ஒன்றும் இருக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. "நீங்களே எடுத்துக்கங்கக்கா" என்பார். சரசாவுக்கோ உள்ளே அணை உடைந்த மாதிரி. அப்பா குடித்தது, கூடப்பிறந்த தம்பியின் கல்யாணத்தில் முன்னால் வந்து நிற்க வேண்டாமென்று சித்தி சொன்னது, பிறகு அம்மா செத்துப்போனது எல்லாம் வந்துகொண்டே இருந்தன. வியாழக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். நாலரை மணிக்கே முகம் கழுவிக்கொண்டு, ஆபீஸ் பின்பக்கத்துப் படியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

நவம்பர் மாதப் பயிற்சிக்கு அவர் வரவில்லை. ஊரில் விசேஷம் என்று செய்தி அனுப்பியிருந்தார். டிசம்பரிலும் வரவில்லை. போன் மட்டும் தவறாமல் வந்தது. குரல் மெலிந்திருந்தது.

"இன்னா தம்பி, ஒடம்பு சரியில்லியா?"

"ரயில்ல கூட்டம்க்கா. தொண்டை கட்டிக்கிச்சு. நீங்க சொல்லுங்க, சித்தி அப்படிச் சொன்னப்ப உங்க அம்மா எங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க?"

அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஜனவரியில், பொங்கல் கழிந்த வியாழக்கிழமை, ஐந்து மணிக்கு போன் வரவில்லை. ஐந்தரைவரை பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை, வார்டுக்குப் போகிற பஸ்ஸில், பயிற்சிக் குழுவின் வாட்ஸப்பில் சுவேதா போட்டிருந்ததைப் படித்தாள். உதயகுமார் இறந்துவிட்டார். வயிற்றில் புற்றுநோய். ஐந்து மாதமாக வைத்தியம் நடந்ததாம். அவர் ஆபீஸில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியுமாம்.

பஸ் அவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. கண்டக்டர் வந்து "எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தாள்.

உடலை அன்றே திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய்விட்டதால் முகம்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த மாதப் பயிற்சிக்கு அவள் போகவில்லை. ஐந்து மாதமென்றால் எந்த மாதத்திலிருந்து என்று எண்ணிப் பார்த்தாள். செப்டம்பர். என் அரை மணியையும் நீங்களே எடுத்துக்கங்க என்று அவர் முதல்முதலாகச் சொன்ன மாதம். சாகக் கிடந்தவனிடம் வாரம் ஒரு மணி நேரம் பழைய ஆப்பிள் கதை பேசியிருக்கிறோம். ஒரே ஒரு தடவை உடம்பைப் பற்றிக் கேட்டோம், தொண்டைக்கட்டு என்றதும் விட்டுவிட்டோம். கேள்வி கேட்கத்தானே கற்றுக்கொடுத்தார்கள். கேட்கவில்லையே.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் மத்தியானம், ஆபீஸ் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும், வெயிலில் வந்த களைப்பு. திருமழிசையில் பஸ்ஸை விட்டிறங்கி விசாரித்துக்கொண்டே நடந்து வந்திருந்தாள்.

"சரசாங்கிறது நீங்களாக்கா? நான் பானுப்பிரியா. உதயகுமாரோட வீட்டுக்காரி."

சரசா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பானுப்பிரியா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாளே தவிரக் குடிக்கவில்லை.

"வியாழக்கிழமை ஆனா அவரு மொட்டை மாடிக்குப் போயிருவாரு. முடியாதப்பவும் கைப்பிடியப் புடிச்சிக்கிட்டே ஏறிப் போவாரு. ஒரு மணி நேரம். யாருகூடன்னு கேட்டேன். சரசாக்கான்னு ஒருத்தங்க, டிரெய்னிங்ல ஜோடின்னாரு. முதல்ல கோவமாத்தான் இருந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறாரே. சாப்டியா, மாத்திரை எங்க, கரண்ட் பில்லு கட்டியாச்சா, இவ்வளவுதான் எங்கிட்ட. ஆனா கீழ வரும்போது முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கும். சரி, யாருகிட்டயோ மனசு விட்டுப் பேசுறாரு, அது போதும்னு விட்டுட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நோயி பத்தி எனக்கு எல்லாம் தெரியும்க்கா. ரிப்போர்ட்டு பூரா நாந்தான் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். அவரு பயந்தாரான்னுதான் தெரியல. எங்கள விட்டுட்டுப் போறதப் பத்தி என்ன நெனச்சாருன்னு தெரியல. உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

சரசா இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் ஆறுதலுக்காகப் பொய் சொன்னவள்தான். வார்டில் அது தினம் நடப்பது. ஒரு பொய் வாய்க்கு வந்தது. 'ஒன் பேச்சேதான் பேசினு இருப்பாரும்மா. ஒன்ன நெனச்சிதான் கவலப்பட்டாரு.' இரண்டு வாக்கியம் போதும். இந்தப் பெண் அழுது, சமாதானமாகி, பஸ் ஏறிப் போய்விடுவாள்.

அவளால் முடியவில்லை.

"ஒண்ணுமே சொல்லலம்மா" என்றாள். "ஒடம்பு சரியில்லன்னுகூட சொல்லல. என்னப் பத்திதான் கேட்டுகினு இருந்தாரு. நான்தான் பேசிகினு கெடந்தேன். அவரு பேச வேண்டிய நேரத்தயும் நானே எடுத்துகினேன். எனுக்கு எதுவுமே தெரியாதும்மா."

பானுப்பிரியாவின் முகத்தில் எதுவோ அணைந்துபோனது. தம்ளரைக் கீழே வைத்தாள். பக்கத்து ஷெட்டில் பிரஸ் அடிக்கும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. எழுந்துவிடுவாள் என்று சரசா நினைத்தாள். ஆனால் அவள் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"என்ன கேட்டாரு?"

"இன்னாம்மா?"

"உங்ககிட்ட. என்னென்ன கேள்வி கேட்டாரு?"

சரசா பீரோவைத் திறந்து அந்த நோட்டை எடுத்துவந்தாள். "என் எயுத்து நல்லா இருக்காது" என்று சொல்லிக் கொடுத்தாள். பானுப்பிரியா மடியில் வைத்துப் பிரித்து, விரலை வரியின் மேல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்போல மெதுவாகப் படித்தாள். அக்டோபர் 12. 'கை போனதும் மத்தவங்க உங்களப் பாக்குற பார்வை எந்த நாள்ல மாறிச்சி?' அக்டோபர் 19. 'வலி இல்லாத நாள்ல என்ன செய்யணும்னு ஆசையா இருந்திச்சி?'

"இது ரெண்டாவது தடவ மருந்து ஏத்திக்கிட்டு வந்த வாரம்" என்றாள் பானுப்பிரியா. யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை.

பக்கத்தைத் திருப்பினாள். நவம்பர் 9. 'பயமா இருந்தப்ப அம்மாகிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அவங்களுக்கு என்ன ஆவும்னு நெனச்சீங்க?'

அந்த வரியில் அவள் விரல் நின்றுவிட்டது.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

சரசாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "நான் பயந்தா எங்கம்மாவும் பயந்துடும். அப்புறம் ஊட்ல யாரு சோறாக்கறதுன்னு சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கம்முனு இருந்தாரு. நான் லைன் கட்டாயிடுச்சின்னு நெனச்சேன். அப்புறம், 'ஆமாக்கா'ன்னாரு."

பானுப்பிரியா அப்போதுதான் அழுதாள். நோட்டு நனையாமல் இருக்க அதை மூடித் தூரத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். சரசா எந்த ஆறுதலும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு இருவரும் சேர்ந்து கடைசிப் பக்கம்வரை படித்தார்கள். தெளிவில்லாத எழுத்தைச் சரசா படித்துச் சொன்னாள். தேதியைப் பார்த்து, அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று பானுப்பிரியா சொன்னாள். எந்த நாள் அவர் சோற்றை ஒதுக்கினார், எந்த நாள் ஸ்கேனுக்குப் போனார்கள், எந்த நாள் டாக்டர் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டார் என்று. ஐந்து மாதம் நடந்ததை இருவரும் பாதிப் பாதியாக வைத்திருந்தார்கள். கிளம்பும்போது பானுப்பிரியா ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

மார்ச் மாதப் பயிற்சிக்கு சரசா போனாள். அவரவர் வேலையில் செய்த ஒரு தவறை வட்டத்தில் வைத்துப் பேசுவதுதான் அன்றைக்கு. அவள் வார்டையும் நாகவல்லியையும் விட்டுவிட்டு இதைச் சொன்னாள். அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டதை, தொண்டைக்கட்டு என்றதும் விட்டுவிட்டதை.

"அவரே சொல்ல விரும்பலையே, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"ஆறுதல் சொல்லக் கூடாதுன்னுதான ரூல் போட்டீங்க" என்றாள் சரசா.

அடுத்து சுவேதா பேசினாள். "ரெண்டு மாசம் அவரு வரல. விசேஷம்னு மெசேஜ் வந்துச்சு. நானும் சரின்னு ஒரு கட்டைவிரல் படம் போட்டுட்டு விட்டுட்டேன்." சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே வட்டத்தைக் கலைத்துவிட்டு எல்லாரையும் வெளியே போய் நிற்கச் சொன்னாள். மாடிப்படியில் இருபத்தொரு பேரும் நின்றார்கள். பூந்தமல்லி ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒருவர் இன்னொருவரிடம் "உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பது சரசாவின் காதில் விழுந்தது. இத்தனை மாதம் பழகிய பிறகு அப்போதுதான் கேட்டார்கள்.

பயிற்சி ஏப்ரலில் முடிந்தது. சான்றிதழை தட்சிணாமூர்த்தி ஆபீஸ் சுவரில் மாட்டினார். நாகவல்லி அந்த வருஷக் கடைசியில் சரசாவோடு வார்டுக்கு வர ஆரம்பித்தாள். முதல் நாள் வாசல்வரை வந்துவிட்டு, பினாயில் வாசனை தாங்காமல் திரும்பிப் போனாள். இரண்டாவது வாரம் உள்ளே வந்தாள். அவளுக்குச் சரசா எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. இருவரும் திரும்பி வரும் பஸ்ஸில் ஆளுக்குப் பாதி வழி பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பானுப்பிரியா சில மாதம் போன் செய்துகொண்டிருந்தாள். நாளும் நேரமும் பார்த்துப் பேசியதில்லை. துணி காயப்போடும்போது, மருந்துக்கடையில் நிற்கும்போது திடீரென்று கூப்பிடுவாள். ஒரு தடவை, "இன்னைக்கு அவரு சட்டையெல்லாம் எடுத்துக் குடுத்துட்டேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்த வருஷம் ஜூன் மாதம் திருநின்றவூர் வீட்டைக் காலி செய்துகொண்டு திண்டுக்கல்லுக்கே, அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்ததாகச் சொன்னாள். பிறகு அழைப்புகள் குறைந்தன. தீபாவளிக்குச் சரசா கூப்பிட்டபோது கடையில் கூட்டம், அப்புறம் பேசுகிறேன் என்றாள். அப்புறம் பேசவில்லை.

சரசாவுக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் கோபம் இல்லை. மாதம் ஒரு தடவையாவது அந்த எண்ணுக்கு, "எப்டி கீறம்மா? ஒடம்பு எப்டி கீது?" என்று இடக்கையால் மெதுவாகத் தட்டி அனுப்புகிறாள். சில மாதம் பதில் வருகிறது. சில மாதம் படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் மட்டும் விழுகிறது.